கடும் நிமோனியாவுக்கு விலங்கு மாதிரி: முதன்முறை இறங்குபவர்களுக்கு

சுண்டெலியின் நுரையீரலுக்குள் பாக்டீரியாவைச் செலுத்துவது ஒரு நிமிட வேலை. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் தாள் வேலை இருக்கிறது. அதற்குப் பின்னால் தூக்கம் கெடும் கண்காணிப்பு இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அந்த ஒரு நிமிடத்தைக் கற்றுக்கொள்ளத்தான் துடிக்கிறார்கள். திட்டங்கள் சிக்கி நிற்பது என்னவோ மற்ற இரண்டிலும்தான்.

இந்த வேலையில் ஓர் அடிப்படை இழுபறி உண்டு. கடும் நிமோனியாவை ஆராய வேண்டுமென்றால் விலங்கு நன்றாகவே நோயுற வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு மணி நேரம்கூட அது துன்பப்படக் கூடாது. இந்த இரண்டையும் நெறிமுறைக் குழுவுக்கான ஒரே விண்ணப்பத்தில் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பாதிப் போராட்டம். எங்கள் விண்ணப்பம் கேள்விகளோடு திரும்பித் திரும்பி வந்ததும் அந்தப் பகுதியால்தான். நீங்கள் அந்த அலைச்சல் படக் கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். குழுக்களின் பெயரும் படிவங்களின் எண்ணும் நாட்டுக்கு நாடு மாறும். கேட்கப்படும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“நிமோனியாவை ஆராயப் போகிறேன்” என்பது கேள்வி ஆகாது. ஒரு மருந்து நுரையீரலில் வேலை செய்கிறதா, ஒரு நஞ்சு இல்லாவிட்டால் நோய் குறைகிறதா, பாக்டீரியா ரத்தத்தில் கலப்பதை எந்தச் செல் தடுக்கிறது, ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகும் உறுப்புகள் ஏன் செயலிழக்கின்றன... இப்படி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு விலங்கு மாதிரி, அதாவது மனித நோயை விலங்கில் உண்டாக்கிப் பார்க்கும் வேறு முறை, தேவைப்படும்.

டாப்டோமைசின் கதை இதற்கு நல்ல பாடம். ரத்தம், தோல் தொற்றுகளில் திறமையான மருந்து அது. ரத்த வழியாக நுரையீரலுக்குப் போன ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றில், சுண்டெலிகளிடம் நன்றாக வேலை செய்தது. காற்றுப்பாதை வழியாக வந்த நிமோனியாவிலோ கைவிட்டது, மனிதர்களிடமும் தேறவில்லை. நுரையீரல் நுண்ணறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் அந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது என்பது காரணம். மருந்து ஒன்றேதான், உறுப்பும் ஒன்றேதான். பாக்டீரியா எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பதில் விடை தலைகீழானது.

“கடும்” என்ற சொல்லையும் இப்போதே வரையறுத்துவிடுங்கள். மனிதர்களில் ரத்த அழுத்தம் சரிந்து மருந்தால் தாங்க வேண்டி வருவதும், செயற்கை சுவாசம் தேவைப்படுவதும் அதன் முதன்மை அடையாளங்கள். சுண்டெலியை நாட்கணக்கில் வென்டிலேட்டரில் வைக்க முடியாது. ஆகவே உங்கள் வரையறை வேறு அளவைகளில் நிற்க வேண்டும்: உடல் வெப்பம், ரத்தத்தில் பாக்டீரியா, ஆக்ஸிஜன் அளவு, நுரையீரல் கசிவு, சிறுநீரகம் அல்லது கல்லீரல் குறியீடுகள். எத்தனை செத்தன என்று எண்ணித்தான் கடுமையைக் காட்ட முடியும் என்று நினைத்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

விலங்கு இல்லாமலே விடை கிடைக்குமா என்றும் தேடியிருக்க வேண்டும். உயிருள்ள நுரையீரல் துண்டங்கள், செல் வளர்ப்பு, மெழுகுப் பூச்சியின் புழு, ஜீப்ரா மீன் குஞ்சு என்று வழிகள் உண்டு. எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினீர்கள் என்று குறித்து வையுங்கள். பல குழுக்கள் அதை அப்படியே கேட்கும். பிறகு நினைவிலிருந்து எழுதினால் பொருந்தாது.

2. விலங்கையும் பாக்டீரியாவையும் ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள்

இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதுதான் அதிக நேரத்தைத் தின்னும் பொறி. ஒரு பாக்டீரியா ஒரு விலங்கில் கொடியதாக இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே செய்யாது.

நிமோகாக்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சீரோடைப்புகள் (மேலுறையை வைத்துப் பிரிக்கும் வகைகள்) இருக்கின்றன. சீரோடைப் 2-ஐச் சேர்ந்த டி39, சீரோடைப் 4-ஐச் சேர்ந்த டைகர்4 ஆகியவை சுண்டெலியில் நுரையீரலைத் தாண்டி ரத்தத்துக்கும் போகும். 19எஃப் வகைகள் பெரும்பாலும் மூக்குத் தொண்டையில் குடியேறுவதோடு நின்றுவிடும். சுண்டெலியின் பக்கமும் இதே கதைதான்: பால்ப்/சி என்ற சுண்டெலி வகை தாக்குப்பிடிக்கும், சிபிஏ/சிஏ வகை சீக்கிரம் வீழும். ஆக, வேறொருவரின் கட்டுரையிலிருந்து டோஸை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து உங்கள் சுண்டெலியில் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

கிளெப்சியெல்லாவில் ஏடிசிசி 43816 என்ற ஸ்ட்ரெய்ன் (ஒரே பாக்டீரியாவின் தனி உள்வகை) சுண்டெலிகளைக் கடுமையாகத் தாக்கும். மருத்துவமனைகளில் தொல்லை தரும், எல்லா மருந்தையும் எதிர்க்கும் ஸ்ட்ரெய்ன்களில் பல, ஆரோக்கியமான சுண்டெலியில் சாதாரணமாக வெளியேற்றப்பட்டுவிடும். மருந்தை எதிர்க்கும் திறன் வேறு, நோயுண்டாக்கும் திறன் வேறு. அசினெட்டோபாக்டரிலும் இதே சிக்கல். அதனால்தான் அதில் பல குழுக்கள் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து நியூட்ரோஃபில்கள் என்ற, பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளணுக்களைக் குறைத்த சுண்டெலிகளைப் பயன்படுத்துகின்றன. மருந்தின் திறனை மட்டும் அளக்க அது போதும். நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிய கேள்வியாக இருந்தால் அந்த மாதிரி உங்களுக்கு உதவாது, ஏனென்றால் கேள்விக்குரிய செல்லையே நீங்கள் நீக்கிவிட்டீர்கள்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சுண்டெலியில் நிமோனியா உண்டாக்க மிக அதிக எண்ணிக்கை வேண்டும். அதன் பிவிஎல் நஞ்சு மனித நியூட்ரோஃபில்களையும் முயல் நியூட்ரோஃபில்களையும் சிதைக்கும், சுண்டெலியுடையதைப் பெரும்பாலும் விட்டுவிடும். பிவிஎல் பற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்றால் முயலுக்குப் போங்கள். லெஜியோனெல்லாவுக்குப் பெரும்பாலான சுண்டெலி வகைகள் இடம் கொடுக்காது. ஏ/ஜே வகையும் கினிப் பன்றியும் கொடுக்கும். சூடோமோனாஸை நேரடியாகச் செலுத்தினால் ஓரிரு நாட்களில் ஒன்று கடும் நோய், இல்லையென்றால் முழு விடுதலை. நாட்பட்ட தொற்று வேண்டுமென்றால் பாக்டீரியாவை அகார் மணிகளில் பொதிந்து செலுத்தும் முறை இருக்கிறது.

பெரிய விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்றியை மயக்கத்தில் வைத்து, குழாய் போட்டு, வென்டிலேட்டரில் இருத்தி ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு மாதிரியே நடத்தலாம். வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியாவுக்கு அதுதான் நெருக்கமான மாதிரி. ஆனால் பகலும் இரவும் ஆட்கள் வேண்டும், தீவிர சிகிச்சை தெரிந்தவர் வேண்டும். தவிர, பன்றி, செம்மறி ஆடு ஆகியவற்றின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் நிரந்தரமாக மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) ஒட்டியிருக்கும். மனிதர்களில் வழக்கமாக அப்படி இல்லை. குரங்கினங்களை வேறு எதிலும் விடை கிடைக்காது என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள். முதல் திட்டத்துக்கு நிச்சயம் வேண்டாம்.

சுண்டெலி என்றால் வயதைப் பற்றியும் யோசித்து வையுங்கள். கடும் நிமோனியாவால் அதிகம் பாதிக்கப்படும் மனிதர்கள் முதியவர்கள். ஆய்வகத்தில் பயன்படுவதோ 8 முதல் 12 வாரச் சுண்டெலி. முதிய சுண்டெலி வேண்டுமென்றால் 18 மாதத்துக்கு மேல் யாராவது வளர்த்திருக்க வேண்டும். விலையும் ஏறும், காத்திருப்பும் ஏறும். மரபணு மாற்றிய சுண்டெலியாக இருந்தால் ஒப்பீட்டுக்கு அதே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளைப் பயன்படுத்துங்கள். சுண்டெலியின் வகையை சி57பிஎல்/6 என்று பொதுவாக எழுதி விடாதீர்கள்: ஜே, என் என்ற இரண்டு கிளைகளுக்கும் இடையே மரபணு வேறுபாடுகள் உண்டு. ஜே கிளையில் என்என்டி மரபணு பழுதுபட்டது. ஒன்றை மாற்றிய சுண்டெலியாகவும் மற்றதை ஒப்பீடாகவும் வாங்கினால் முடிவு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

3. தாள்களை ஒரே நேரத்தில் நகர்த்துங்கள்

ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று போனால் ஒரு வருடம் போய்விடும். பெரும்பாலான இடங்களில் தேவைப்படுபவை இவை:

- விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். இதுதான் பெரியது.
- உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல். நிமோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்றவை பொதுவாக இரண்டாம் நிலைக் கட்டுப்பாட்டில் வரும். மரபணு மாற்றிய பாக்டீரியாவோ சுண்டெலியோ இருந்தால் அதற்குத் தனி அனுமதி இருக்கலாம்.
- விலங்கைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் பயிற்சிச் சான்று.
- பணியாளர் உடல்நலப் பதிவு: தடுப்பூசி, ஒவ்வாமை, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு. சுண்டெலி ஒவ்வாமை சாதாரணமாக வரும்; தும்மல்தானே என்று விடாதீர்கள்.
- பாக்டீரியாவை வேறொரு ஆய்வகத்திலிருந்து வாங்கினால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். எல்லை தாண்டி வந்தால் இறக்குமதி அனுமதி.
- விலங்குகளின் உடல்நலச் சான்றும் தனிமைப்படுத்தும் ஏற்பாடும்.
- மயக்க மருந்து, வலி நிவாரணி வாங்கி வைத்திருக்கும் உரிமம். கெட்டமின், புப்ரெனார்ஃபின் போன்றவை பல இடங்களில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை.

மெதுவாக நகர்வது எது? என் அனுபவத்தில் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம்தான். விஞ்ஞானிகள் ஒரே மின்னஞ்சலில் சரி என்று சொல்லிவிடுவார்கள்; இரு பக்க சட்டப் பிரிவுகளும் வார்த்தைக்கு வார்த்தை இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே கேள்வி முடிவான அன்றே அதைத் தொடங்குங்கள். நெறிமுறைக் குழு கூடும் தேதிகளையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது என்றால், ஒரு சின்னத் திருத்தம் கேட்டாலே ஒரு மாதம் போய்விடும்.

நெறிமுறைக் குழுவுக்கும் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கும் கொடுக்கும் இரண்டு படிவங்களிலும் ஸ்ட்ரெய்ன் பெயர், டோஸ் வரம்பு, அறை எண், ஆட்களின் பெயர் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் இரண்டும் திரும்பும்.

4. எங்கே நிறுத்துவீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்

படிவங்களில் ஹியூமேன் எண்ட்பாயின்ட் என்ற தலைப்பில் இது வரும். இன்ன நிலைக்கு வந்தால் விலங்கை உடனே வலியின்றிக் கொன்றுவிடுவோம் என்ற உறுதி அது. பலர் கடைசியில் இரண்டு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். இங்கேதான் குழு அதிக நேரம் செலவிடும், நீங்களும் செலவிட வேண்டும்.

“மிகவும் நோயுற்றால் நிறுத்துவோம்” என்று எழுதாதீர்கள். எண்ணில் எழுதுங்கள். எடையில் 20 சதவீத இழப்பு என்பது பரவலாகப் பயன்படும் வரம்பு. ஆனால் கடும் நிமோனியாவில் அது மட்டும் போதாது. நோய் வேகமாக முற்றும்போது எடை குறைவதற்கே நேரமிருக்காது. அங்கே உடல் வெப்பம்தான் நம்பகமான சைகை. மனிதருக்குக் காய்ச்சல் வரும். சிறிய உடல் கொண்ட சுண்டெலிக்குக் கடும் தொற்றில் உடல் குளிர்ந்துபோகும். அந்தச் சரிவு எந்த அளவை எட்டினால் அந்தச் சுண்டெலி மீளாது என்பதை உங்கள் பைலட் சோதனையில் (முதன்மைச் சோதனைக்கு முன் செய்யும் சிறு முன்னோட்டத்தில்) கண்டுபிடித்து, அதற்கு மேலேயே நிறுத்தப் புள்ளியை வையுங்கள். தோலுக்கடியில் வைக்கும் வெப்பச் சில்லு இருந்தால் ஒவ்வொரு முறையும் பிடித்துத் தொந்தரவு செய்யாமல் அளக்கலாம்.

இதனோடு ஒரு மதிப்பெண் அட்டை வேண்டும்: ரோமம் சிலிர்ப்பு, கூன் போட்டு உட்காருதல், அசைவு, தூண்டினால் திரும்புதல், மூச்சின் வேகமும் சிரமமும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை கொடுத்துக் கூட்டுங்கள். எந்த மொத்தத்தில் கண்காணிப்பு அடிக்கடி ஆகும், எந்த மொத்தத்தில் நிறுத்துவீர்கள் என்று இரண்டு வரம்புகளை எழுதுங்கள். தூண்டியும் எழாத சுண்டெலி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் சுண்டெலி இரண்டுக்கும் மொத்தம் பார்க்க வேண்டாம். அந்தக் கணமே முடிவு.

இன்ஃப்ளூயன்ஸாவுக்குப் பின் வரும் பாக்டீரியா நிமோனியாவைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வைரஸாலேயே சுண்டெலி எடை இழந்திருக்கும். பாக்டீரியா செலுத்தும் நாளில் 20 சதவீத வரம்பில் பெரும்பகுதி ஏற்கெனவே செலவாகியிருக்கும். எந்த நாளின் எடையை அடிப்படையாக வைக்கிறீர்கள் என்று விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாக்டீரியா ஒன்றும் செய்யும் முன்பே பாதிச் சுண்டெலிகளை நிறுத்த வேண்டி வரும்.

வலி நிவாரணி பற்றிய கேள்வி நிச்சயம் வரும். அழற்சி எதிர்ப்பு மருந்துகள் நீங்கள் அளக்கும் அழற்சியையே மாற்றும். ஓபியாய்டுகள் மூச்சையும் எதிர்ப்பாற்றலையும் பாதிக்கும். அதனால் கொடுக்க மாட்டோம் என்று ஒற்றை வரியில் எழுதினால் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. எந்த மருந்து எந்த அளவையைக் கெடுக்கும் என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். முடிந்தால் எல்லாக் குழுவுக்கும் ஒரே மருந்தைக் கொடுங்கள். அறையின் கால்நடை மருத்துவரோடு விண்ணப்பத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசினால் இந்தப் பகுதி பாதியாகக் குறையும். மூன்றாவது திருத்தத்தில் வரப் போகும் கேள்வியை அவர் முதல் நாளே கேட்டுவிடுவார்.

5. எண்ணிக்கை

எத்தனை விலங்கு என்பதற்கு “வழக்கமாக எல்லோரும் ஆறு போடுகிறார்கள்” என்பது காரணமாகாது. நீங்கள் காண விரும்பும் வித்தியாசம் எவ்வளவு, தரவு எவ்வளவு சிதறும் என்ற இரண்டும் தெரிந்தால் கணக்கு வந்துவிடும். ஆய்வில் விலங்குப் பயன்பாட்டைக் குறைக்க உழைக்கும் பிரிட்டனின் என்சி3ஆர்ஸ் அமைப்பின் சோதனை வடிவமைப்பு உதவியாளர் என்ற இணையக் கருவி இலவசம். அதில் வரையும் படத்தை விண்ணப்பத்தோடு இணைக்கலாம். நுரையீரலில் பாக்டீரியா எண்ணிக்கையை மடக்கை அளவில் கணக்கிடுங்கள். சில சுண்டெலிகள் முழுவதும் சுத்தமாகிவிடும், சிலவற்றில் கோடிக்கணக்கில் இருக்கும். சாதாரண சராசரி அங்கே ஒன்றும் சொல்லாது.

ஒரு கூண்டு முழுக்க மருந்து, ஒரு கூண்டு முழுக்க ஒப்பீடு என்று பிரிக்காதீர்கள். கூண்டுக்குக் கூண்டு குடல் கிருமிகளும் சண்டையும் மாறும். ஒரே கூண்டுக்குள் கலந்து பிரித்துப் போடுங்கள். மருந்து கழிவின் வழியாக மற்றவற்றுக்குப் போகும் என்றால் மட்டும் கூண்டையே அலகாக வைத்துக் கணக்கிடுங்கள். அப்போது கூண்டுகளின் எண்ணிக்கை கூடும். பைலட்டுக்கும், நிறுத்தப் புள்ளியை எட்டித் திசு மாதிரி கிடைக்காமல் போகும் விலங்குகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். குறைவாகக் கேட்டு பாதியில் திருத்தம் போடுவது மிக மோசமான சிக்கனம்.

6. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

விலங்கின் விலை கண்ணுக்குத் தெரியும். பட்டியலில் அது சிறிய வரி. பெரியவை வேறு. நாள் வாடகை ஒவ்வொரு கூண்டுக்கும் தினமும் ஓடும், தொற்று அறையில் அது இன்னும் கூடும். மரபணு மாற்றிய சுண்டெலிகளை இனப்பெருக்கம் செய்தால், சோதனை இல்லாத மாதங்களிலும் வாடகை நிற்காது. விந்தையோ கருவையோ உறைய வைத்துவிட்டுக் கூண்டுகளைக் காலி செய்வது பெரும்பாலும் மலிவு. திசு வெட்டுத் துண்டுகளும் அவற்றைப் படித்துச் சொல்லும் நோயியல் நிபுணரும் ஒரு தனிச் செலவு. சைட்டோகைன் (அழற்சியின் சைகைப் புரதம்) அளக்கும் கிட்டுகள், வார இறுதிக் கண்காணிப்புக்கான கூடுதல் ஊதியம், ஆட்டோகிளேவ், தொற்றுக் கழிவு... எல்லாவற்றையும் நிதி விண்ணப்பத்துக்கு முன்பே விலங்குக் கூடப் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிக் கணக்கில் தொற்று அறையின் கூடுதல் கட்டணம் விட்டுப்போகும்.

பைலட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். அதை முதன்மைச் சோதனையின் பட்ஜெட்டுக்குள் ஒளித்து வைத்தால், பைலட் இரண்டாவது சுற்று கேட்கும்போது கையைக் கடிக்கும்.

7. பாக்டீரியாவை உறைய வைத்து எண்ணுங்கள்

ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக வளர்த்தால் ஒவ்வொரு முறையும் டோஸ் மாறும். நடு வளர்ச்சிக் கட்டத்தில் அறுவடை செய்து, கிளிசரால் சேர்த்து, சிறு குப்பிகளில் உறைய வையுங்கள். நிமோகாக்கஸைக் கூடுதல் நேரம் வளர விட்டால் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். கலங்கலைப் பார்த்து நிறைய இருக்கிறது என்று நினைப்பீர்கள், உயிருள்ளவை குறைந்திருக்கும். உறைந்த பிறகு சில குப்பிகளை உருக்கிப் பிளேட்டில் (வளர்ப்புத் தட்டில்) பரப்பி, முளைக்கும் திட்டுகளை எண்ணி, அந்த எண்ணை ஸ்டாக்கின் எண்ணாக எழுதுங்கள். தூய்மையையும் பாருங்கள்: நிமோகாக்கஸ் என்றால் ரத்த அகாரில் ஆப்டோசின் சோதனை எளிது.

சோதனை நாளில் செலுத்துவதற்கு முன்னும், கடைசிச் சுண்டெலிக்குச் செலுத்திய பின்னும் மீதியைப் பிளேட்டில் போடுங்கள். கட்டுரையில் எழுத வேண்டியது நீங்கள் திட்டமிட்ட டோஸை அல்ல, உண்மையில் போன டோஸை.

8. நாட்காட்டியைப் பார்த்து பைலட் செய்யுங்கள்

விலங்குகள் வந்ததும் குறைந்தது ஒரு வாரம் பழக விடுங்கள். பயணக் களைப்பிலிருக்கும் சுண்டெலியில் தொற்று கொடுத்தால் தரவு தாறுமாறாக இருக்கும். விலங்குக் கூடத்தின் நோய்க் கண்காணிப்பு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். சுவாசக் கிருமி ஏற்கெனவே இருக்கும் கூட்டத்தில் நிமோனியா ஆராய்ச்சி நடக்காது.

தொற்றைத் திங்கள் அல்லது செவ்வாயில் கொடுங்கள். வேகமான மாதிரிகளில் நெருக்கடி நேரம் 24 முதல் 72 மணிக்குள் விழும். வியாழன் செலுத்தினால் அது சனி, ஞாயிறு இரவில் வரும்; ஆள் இல்லாத நேரத்தில் ஒரு சுண்டெலி கூண்டில் செத்துக் கிடந்தால், அது நெறிமுறை மீறல், தரவும் போச்சு. நள்ளிரவுக் கண்காணிப்புக்கு யார் வருவார் என்ற அட்டவணையை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். குழு அதைப் பார்த்தால் பாதி சந்தேகம் தீரும்.

பைலட்டில் குறைந்த டோஸிலிருந்து மேலே ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் சில விலங்குகள் போதும். அடுத்த படிக்கு முன் முந்தையதன் முடிவு வந்திருக்க வேண்டும்.

9. தொற்று கொடுக்கும் நாள்

மூக்கில் துளியாக விடுவது எளிய வழி. ஆனால் அது நுரையீரலுக்குப் போவதா மூக்கிலேயே நிற்பதா என்பதை மயக்கத்தின் ஆழமும் துளியின் அளவும் தீர்மானிக்கும். விழித்திருக்கும் சுண்டெலிக்கு 10 மைக்ரோலிட்டர் விட்டால் மூக்கோடு சரி. நன்கு மயங்கிய சுண்டெலிக்கு 50 மைக்ரோலிட்டர் வரை மெதுவாக விட்டால் உள்ளிழுக்கும். ஐசோஃப்ளூரேனில் மயக்கம் சீக்கிரம் தெளியும். பாதியில் தும்மினால் டோஸ் வெளியே போய்விடும். ஒரே ஆள், ஒரே மயக்க முறை, ஒரே நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாயில் நேரடியாகச் செலுத்துவது சீரானது, கை பழக நாளாகும். முதலில் சாயத்தை வைத்து, ஏற்கெனவே வேறு காரணத்துக்காகக் கொல்லப்பட்ட விலங்கில் பழகுங்கள்.

சில சுண்டெலிகளைச் செலுத்திய ஒரு மணி நேரத்துக்குள் எடுத்து நுரையீரலில் எவ்வளவு சேர்ந்தது என்று பாருங்கள். இந்தச் சிறு சோதனை செய்யாதவர்கள்தான் பிறகு “சில சுண்டெலிகளுக்கு ஏனோ நோயே வரவில்லை” என்று குழம்புவார்கள். மயக்கம் தெளியும் வரை சூடு கொடுங்கள். நோயுற்ற சுண்டெலி மேலே உள்ள தீனித் தட்டை எட்டாது. ஈரமான தீனியையும் ஜெல்லையும் கூண்டின் தரையில் வையுங்கள்.

10. சிகிச்சை கொடுக்கும் மாதிரியா?

கடும் நிமோனியா நோயாளி ஆன்டிபயாட்டிக்கும் திரவமும் இல்லாமல் இருப்பதில்லை. வெறும் தொற்றை மட்டும் வளர விட்டுப் பார்ப்பது மருத்துவமனையில் நடக்காத ஒன்றை ஆராய்வது. 2018-ல் வெளியான, செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) பற்றிய விலங்கு ஆய்வுகளுக்கான எம்க்யூடிப்ஸ் பரிந்துரைகளும் திரவம், ஆன்டிபயாட்டிக், வலி நிவாரணி மூன்றையும் வற்புறுத்துகின்றன. உங்கள் கேள்விக்கு அவை ஒத்துவராவிட்டால் காரணத்தை எழுதுங்கள்.

மருந்தைத் தொற்றோடு கூடவே கொடுத்தால் எல்லாமே அற்புதமாகக் குணமாகும். நோயாளியோ மூச்சு வாங்கிய பிறகுதான் வருகிறார். நோயறிகுறி தெரிந்த பிறகு தொடங்குங்கள். மனிதருக்கான மில்லிகிராம் அளவை எடைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுப்பதும் தவறு: சுண்டெலி பல மருந்துகளை மிக வேகமாக வெளியேற்றிவிடும். ரத்தத்திலும் நுரையீரல் திரவத்திலும் மருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மனிதரோடு ஒப்பிட்டு டோஸை அமையுங்கள். அப்புறம், நுரையீரலை அரைத்துப் பிளேட்டில் போடும்போது அதிலுள்ள மருந்து பிளேட்டிலேயே பாக்டீரியாவைக் கொல்லலாம். நீர்க்கச் செய்தோ மருந்தை முறித்தோ எண்ணாவிட்டால் இல்லாத குணத்தைக் காண்பீர்கள்.

11. திசு மாதிரி எடுக்கும் நாள்

கொல்லும் முறையை நுரையீரலை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். கார்பன் டை ஆக்சைடு நுரையீரலில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். திசுவைப் பார்ப்பவருக்கு அது நோயின் அடையாளம் போலத் தோன்றும். மயக்க மருந்தை மிகையாகக் கொடுத்து ரத்தம் எடுப்பது இந்த வேலைக்குப் பொருத்தம், அதையும் விண்ணப்பத்தில் எழுதியிருக்க வேண்டும்.

ஒரு நுரையீரலை எல்லாவற்றுக்கும் பயன்படுத்த முடியாது. செல்களைச் சேகரிக்க உள்ளே திரவம் விட்டுக் கழுவிய மடல் திசுப் பார்வைக்கு உதவாது. சுண்டெலிக்கு வலதில் நான்கு மடல், இடதில் ஒன்று. எந்த மடல் எதற்கு என்று எழுதி, எல்லா விலங்கிலும் அதையே கடைப்பிடியுங்கள். நிமோனியா திட்டுத்திட்டாக வரும் என்பதால் ஒரு மடலின் எண்ணிக்கை முழு நுரையீரலைக் காட்டும் என்று நம்ப முடியாது. பாக்டீரியா எண்ணிக்கைதான் முதன்மை அளவை என்றால் அதற்குத் தனி விலங்குகளை ஒதுக்குங்கள். திசுப் பார்வைக்கான மடலை நிலையான அழுத்தத்தில் ஃபார்மலின் நிரப்பி விரியுங்கள். சுருங்கிய நுரையீரலில் எல்லாமே அழற்சி போலத் தெரியும்.

நுரையீரல் சேதத்தை நிறுவ, அமெரிக்க தொராசிக் சங்கம் 2011-ல் நான்கு வகைச் சான்றுகளைச் சொன்னது: திசுச் சேதம், நுண்ணறைத் தடுப்பின் கசிவு, அழற்சி, செயல்பாட்டுக் குறைவு. அவற்றில் குறைந்தது மூன்று உங்கள் கையில் இருக்கட்டும். நியூட்ரோஃபில் ஏறியதை மட்டும் காட்டிக் கடும் நுரையீரல் சேதம் என்று எழுதினால் மதிப்பீட்டாளர் விடமாட்டார்.

தொற்றில்லாத விலங்குகளை முதலில் எடுங்கள், தொற்றுள்ளவற்றைப் பின்னால். எண்ணுபவருக்கும் திசுவைப் படிப்பவருக்கும் எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

12. எழுதுவதற்கான பதிவுகள்

விலங்கு ஆய்வுகளைக் கட்டுரையாக எழுதுவதற்கான, 2020-ல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் வழிகாட்டுதலில் பத்து அத்தியாவசிய அம்சங்கள் உள்ளன. கட்டுரை எழுதும்போது அதைத் திறந்து, கூண்டில் எத்தனை இருந்தன, யார் பிரித்தார், எத்தனை விலங்கு ஏன் விலக்கப்பட்டது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பத்தையும் ஒரு வெற்று அட்டவணையாக அச்சிட்டு, விலங்குகள் வந்து இறங்கும் நாளிலிருந்தே நிரப்புங்கள். விலக்கும் விதிகளைச் சோதனைக்கு முன்பே தேதியிட்டு எழுதிவையுங்கள். டோஸ் தும்மலில் வெளியேறிய சுண்டெலியை விலக்கலாமா என்று முடிவு தெரிந்த பிறகு யோசித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நெறிமுறை ஒப்புதலின் காலாவதித் தேதியையும் அதே அட்டவணையின் தலையில் குறியுங்கள்: புதுப்பிப்புக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், ஒப்புதல் முடிந்த நாளுக்குப் பின் எடுத்த எந்தத் தரவையும் பயன்படுத்த முடியாது.